தமிழ் மென்பொருள் செய்திகளில் குறியேற்றப் பிழைகள்

மென்பொருள் காட்டும் தமிழ்ச் செய்தி புரியாத லத்தீன் குறிகளாகவோ, கேள்விக்குறிகளாகவோ, வெற்றுக் கட்டங்களாகவோ திரிந்து தோன்றுவது குறியேற்றப் பிழை எனப்படும். மூன்றுக்கும் எழுத்துருவையே குறை சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. அது பிழை தேடுபவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் பொதுவாகக் கட்டங்கள்தான் வரும். மற்ற இரண்டின் வேர் பைட்டுகளில் இருக்கிறது.

இந்த வழக்கம் 1990களில் வேரூன்றியது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. ஆகவே அன்று எழுத்துருவே குறியேற்றமாகவும் இருந்தது. பின்னர் வந்த திஸ்கி என்ற குறியேற்றம், முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை அமர்த்தியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்கள் உருவாயின. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிறபடியே கொம்பு, க, கால் என்ற வரிசையில் சேமிக்கப்படும். 1991இல் வெளிவந்த யூனிகோடோ இந்திய அரசின் குறியேற்றமான இஸ்கியைப் பின்பற்றி, ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் வைத்தது. எனவே பழைய கோப்பை மாற்றும்போது எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும். இதைச் செய்யாத மாற்றிகளால் கொம்பு இடம் மாறிய சொற்கள் இன்றும் கோப்புகளில் கிடக்கின்றன.

தமிழின் எல்லா உயிர்மெய்களுக்கும் தனியிடம் தரும் 16 பிட் முறை பரவியிருந்தால் இத்தொல்லையே இராது என்பார் உண்டு. வரிசைச் சிக்கலுக்கு மட்டும் அது பொருந்தும்; பைட்டுகளைத் தவறாகப் படிக்கும் சிக்கலுக்குப் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, 'த' யூனிகோடில் 2980ஆம் எண். அதைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். இவற்றை லத்தீன்-1 என்று கருதிப் படிக்கும் நிரல் மூன்று அயல் குறிகளைக் காட்டும். எந்தத் தமிழ்க் குறியேற்றத்தையும் தவறான பெயரில் படித்தால் இதே கதிதான். தமிழ் எழுத்துகள் அனைத்தும் யுடிஎஃப்-8இல் 224இல் தொடங்குவதால், மேலே சாய்கோடிட்ட ஒரே லத்தீன் எழுத்து மூன்றுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதுவே நல்ல தடயம்.

கேள்விக்குறிகள் வந்தால் லொக்கேல் எனப்படும் மொழி, வட்டார அமைப்பைப் பார்க்க வேண்டும். மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்க உதவும் குனூ கெட்டெக்ஸ்ட் முறையில் செய்தியின் மொழியை எல்சி_மெசேஜஸ் தீர்மானிக்கிறது. வெளியீட்டின் குறியேற்றத்தை எல்சி_சிடைப் தீர்மானிக்கிறது. முன்னது தமிழாகவும் பின்னது ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த 'சி' லொக்கேலாகவும் இருந்தால், மொழிபெயர்ப்பு கிடைத்தும் அதை எழுத இடமின்றி ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகும். எல்சி_ஆல் இரண்டையும் மீறும் என்பதால் அதை முதலில் சோதிப்பது நல்லது. மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில் யுடிஎஃப்-8 என்று அறிவித்திருப்பதும் அவசியம். இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் யுடிஎஃப்-8ஐ இயல்பாகவே தருகின்றன.

லத்தீன் குறிகளாகத் திரிந்த செய்தியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டதை மீட்க வழியில்லை. திருத்தத் தொடங்கும் முன் மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துவிட வேண்டும்.