மேற்கோளும் மறுப்பும்: சலீம் யூசுப்பின் உப்புக் கணக்கு

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தை ஒட்டிய கடற்கரை என்று கொள்வர் ஆய்வாளர் பலர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் நெய்தல் வழியில் உள்ளது அது. அதே பாட்டில் கொற்கையைப் பாடும் இடத்தில் உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. உமணச் சிறுவரோடு மந்தியொன்று விளையாடுவதும் அங்கேதான். உப்பு இன்றும் மரக்காணத்தில் விளைகிறது. மழைக்காலம் கழிந்ததும் பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, வெண்குவியல்களாக வாரி வைக்கின்றனர். அவ்வுப்பில் ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உண்ணலாம் என்னும் எளிய கேள்வி, இதய மருத்துவ உலகில் பெரும் வழக்காக எழுந்தது. அவ்வழக்கின் நடுவில் நிற்பவர் சலீம் யூசுப்.

கேரளத்தில் பிறந்தவர் யூசுப். பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். பீட்டர் ஸ்லைட், ரிச்சர்ட் பீட்டோ ஆகியோருடன் அவர் அங்குக் கற்றது ஒரு புதிய நெறி: ஐம்பது நோயாளிகளை வைத்து வாதிடுவதை விடுத்துப் பல்லாயிரவரை ஆய்வுக்குள் கொண்டுவருதல். மாரடைப்பில் அட்டினலால் மருந்தைச் சோதித்து 1986-இல் வெளிவந்த ஆய்வில் பங்கேற்றோர் 16,027 பேர். பின்னர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்திலும், 1992 முதல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 2004-இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 52 நாடுகளைத் தழுவியது. புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலான ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் இடரில் தொண்ணூறு விழுக்காட்டுக்குப் பொறுப்பு என்று அது காட்டிற்று. 2007-இல் அதன் தரவுகளிலிருந்தே, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, பிற நாட்டினருக்கோ ஏறத்தாழ 59 வயதில் என்பதும் வெளிப்பட்டது. நம் ஊர்களில் நடுவயதினர் திடீரென மாள்வதை விதி என்று சொல்லிக் கடந்தோமே, அதற்கு இப்படியொரு கணக்கு கிடைத்தது.

இத்தகையவரை உலகம் மேற்கோள் காட்டாமல் இருக்குமா? 2011-ஆம் ஆண்டுப் பட்டியலொன்றில், மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்களுள் உலகில் இரண்டாம் இடம் அவருக்கு. இதைப் பாராட்டாக மட்டுமே படிப்பது போதாதென்பது நம் கருத்து.

2014 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் குழுவின் இரு கட்டுரைகள் வந்தன. முதற்பெயர்கள் மென்ட்டேயும் ஓ'டானலும். யூசுப்பின் பெயர் இறுதியில். (மேற்கோள் எண்ணிக்கை என்னவோ எல்லார் கணக்கிலும் ஏறும்.) 'ப்யூர்' என்னும் அப்பேராய்வில் சென்னையும் ஒரு களம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சிறுநீரைச் சோதித்து அவர்கள் சொன்னது இது: நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் உட்கொள்வோருக்கே இடர் குறைவு, அதற்கு மேலும் தீங்கு, கீழும் தீங்கு. உப்பாகக் கணக்கிட்டால் ஏழரை முதல் பதினைந்து கிராம். உலகச் சுகாதார நிறுவனமோ 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. காலையில் ஒருமுறை எடுத்த சிறுநீரிலிருந்து முழுநாள் உப்பை ஊகிப்பது சரியாகாது என்றனர் ஒரு சாரார். நோயுற்றவர் பசி குன்றியோ மருத்துவர் சொல் கேட்டோ உப்பைக் குறைத்திருப்பர். அவர்தம் இறப்பை உப்புக் குறைவின் மேல் ஏற்றுவது காரணத்தைத் தலைகீழாக்குவது என்றனர் மற்றொரு சாரார். இப்படி மறுத்தவர் ஒவ்வொருவரும் அக்கட்டுரைகளை மேற்கோள் காட்டியே மறுத்தனர். எண்ணிக்கை பெருகிற்று.

தமிழ் படித்தோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்ட சேனாவரையர், தமக்கு முன்னோரான இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்றே சுட்டிப் பல இடங்களில் மறுக்கிறார். அக்காலத்தில் மேற்கோள் எண்ணும் பட்டியல் இருந்திருப்பின், மறுப்புகளாலேயே இளம்பூரணர் உயர்ந்திருப்பார். அவ்வுயர்வு பொய்யன்று, பொருட்படுத்தத் தகாதவரை யார் மறுக்கிறார்கள்? ஆனால் அதுவே உடன்பாடும் ஆகாது. சேனாவரையரைப் படிப்பவர் எது உடன்பாடு, எது மறுப்பு என்று காண்கிறார். பட்டியலைப் படிப்பவர் எண்ணை மட்டுமே காண்கிறார். பேராசிரியர் பதவி முதல் ஆய்வுநிதி வரை அவ்வெண்ணைக் கொண்டே அளக்கப்படும் காலத்தில் இது சிறிய குறையன்று.

உப்பு வழக்கின் பின்கதையையும் சொல்லிவிடுவோம். 2018-இல் லான்செட் இதழில் யூசுப் குழுவினரே, சராசரி உட்கொள்ளல் 5 கிராம் சோடியத்தைக் கடந்த சமூகங்களில்தான் தீங்கு தெரிகிறது என்றனர். அவற்றுள் பெரும்பாலானவை சீனத்தில். அச்சீனத்தின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த வேறொரு சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. வழக்கமான உப்புக்குப் பதிலாகக் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. 2022-இல், முழுநாள் சிறுநீரைப் பன்முறை திரட்டி அளந்த ஆய்வுகளின் தொகுப்பு, சோடியம் ஏற ஏற இடரும் ஏறுவதையே காட்டிற்று. காலைச் சிறுநீர் போதாதென்ற மறுப்பு வெறும் வாய்ச்சொல்லாய் நில்லாமல் புதிய அளவீடாயிற்று. 2014-இன் கட்டுரைகளை இவ்விவாதத்தில் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர்.