லூத்தர் சமயத்துக் கிருபையும் நடுநாட்டுத் திருவருளும்

கோமுகியாறு தோன்றும் கல்வராயன் மலையின் கீழ்ப்பால் விளங்குவது கள்ளக்குறிச்சி. பண்டு நடுநாட்டைச் சார்ந்த இப்பகுதி, 1993 வரை தென்னார்க்காட்டிலும், பின் விழுப்புரத்திலும் அடங்கியிருந்து, 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அத் தென்னார்க்காட்டில் 1860-க்குப் பின் டேனிய நாட்டு லூத்தர் சமயத்தார் திருப்பணி வேரூன்றியது. அவர் கொணர்ந்த தலையாய சொல் கிருபை என்பதாம்.

பாவத் தண்டனையைக் குறைப்பதாகக் கூறிப் பணத்திற்குச் சீட்டு விற்ற வழக்கத்தை 1517-இல் மார்ட்டின் லூத்தர் மறுத்தெழுந்தார். 1530-இல் வெளிப்போந்த ஆக்சுபர்க்கு அறிக்கையின் நான்காம் பகுதி, மனிதன் தன் வலியாலும் செயலாலும் இறைவன்முன் நீதிமானாகான். கிறித்துவின் பொருட்டுக் கிருபையால், விசுவாசத்தின் வழியே அவன் நீதிமானாக ஏற்கப்படுகின்றான் என்று கூறும். கடன்பட்டான் கடனைப் பிறனொருவன் தீர்த்தாற்போல்வது இது. நற்செயல் கிருபையின் கனியேயன்றி விலையன்று.

இக்கொள்கை தமிழகத்தில் ஒரு சோதனைக்கு உட்பட்டது. கிருபை தகுதி நோக்காதாயின், சபையில் சாதி நோக்குதல் எங்ஙனம்? லைப்சிக்குச் சங்கத்தார் சாதியை உலக வழக்கெனப் பொறுத்தனர். அதனை ஏற்காத கார்ல் ஓக்சு என்பார் அவரைப் பிரிந்து, பட்டாம்பாக்கத்தே பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவிப் பின் டேனிய சங்கத்தோடு இணைந்தார். ஒரு சொல்லின் பொருளே ஒரு சங்கத்தைப் பிரித்தது.

சித்தாந்தம் இதனோடு ஒன்றுவதும் வேறுபடுவதும் உள. திருநாவலூரிற் பிறந்த சுந்தரரை, அவர் வேண்டாமலே, பித்தனென்று வைதபோதும், பாட்டனார் எழுதிய ஓலை காட்டித் திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஆட்கொண்டான். ஈண்டு அருளே முந்தியது. ஆயினும் லூத்தர் கிருபை பாவியை நீதிமானென ஏற்கும் தீர்ப்பாம். திருவருளோ மறைப்பாய் நின்று மலத்தைப் பக்குவப்படுத்திப் பின் சத்திநிபாதமாய்ப் பதியும் சத்தியாம். பக்குவம் வேண்டும் என்பார், அப்பக்குவமும் அருளின் செயலே என்பதை மறத்தலாகாது. மறப்பின், அருளைத் தகுதிக்குக் கூலியாக்கிய குற்றம் நேரும்.

ஆட்கொள்ளப்பட்ட சுந்தரர் பின் பாடியது திருத்தொண்டத்தொகை. அதன்கண் அந்தணரும் வேடரும் குயவரும் புலையரும் ஒருங்கே வணங்கப்படுகின்றனர். அருள் முந்தியதென்று நம்புவோர், தம்மினும் தாழ்ந்தாரென ஒருவரை எண்ணுதற்கு இடமுண்டோ? ஓக்சு தம் சபையாரை வினாவிய அவ்வினா, சைவர்க்கும் உரியதே.