வவுனியா வழியாக வந்த புயல்

தமிழ்நாட்டில் தனுஷ்கோடிப் புயல் என்று பெயர் வாங்கிய புயல், தனுஷ்கோடிக்கு நேரே வந்து சேர்ந்ததல்ல. 1964 டிசம்பரில் தெற்கு அந்தமான் கடலில் பிறந்து மேற்கே நகர்ந்த அது, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியில் கரையேறியது. வவுனியாவைக் கடந்து, மறுபடியும் கடலில் இறங்கி, அன்று நள்ளிரவில்தான் இராமேசுவரம் தீவின் கிழக்கு முனைக்கு வந்தது. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் என்று இன்றும் சொல்லப்படும் கணக்கே வவுனியாவைக் கடந்தபோது மதிப்பிடப்பட்டதுதான்.

வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் முறை 2004இல்தான் வந்தது. அதற்கு முன், அடிபட்ட ஊரின் பெயரே புயலின் பெயர். அடிபட்ட ஊர்கள் பலவாக இருந்தால் எந்த ஊரின் பெயர் நிலைக்கும் என்பதில்தான் வேடிக்கை.

தனுஷ்கோடியின் பெயர் நிலைத்ததற்கு முதல் காரணம் ரயில். 653ஆம் எண் பாசஞ்சர் இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடியைத் தொடுவதற்குச் சற்று முன் ஆளுயரத்துக்குப் பல மடங்கு எழுந்த கடல் ரயிலை அப்படியே வாரிக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. ரயிலில் போனவர்களுக்கு ஓர் எண்ணிக்கை இருந்தது, ரயிலுக்கு நேரம் இருந்தது, எண் இருந்தது. செய்தித்தாள் எழுத அது போதும். இன்னொரு காரணம், இராமேசுவரத்தில் சிக்கியிருந்த நடிகர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும். அந்தப் பெயர்கள் இல்லாமல் அந்த இரவைச் சொல்லும் கட்டுரை தமிழில் அபூர்வம். மூன்றாவது, பாம்பன் பாலம். இழுத்துச் செல்லப்பட்ட கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டு 46 நாளில் பாலத்தை நிமிர்த்திய இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் பெயர்போனவர்.

இரு கரைகளிலும் சேர்த்துச் சுமார் 1,800 பேர் இறந்தார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ரயிலில் போன 115 பேரைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள், துறைமுகக் கூலிகள், குடிசைவாசிகள். திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் செத்தவர்களைத் தமிழ்நாட்டில் யாரும் நினைவுநாளில் சேர்த்துச் சொல்வதில்லை. அங்கே மாண்டவர்களும் தமிழர்கள்தாம். கடலின் அகலம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனாலும் புயல் பாஸ்போர்ட் இல்லாமல் கடந்த கோட்டை இரக்கம் கடக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் உறவு சாதாரணமானதல்ல. உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடலை ஒட்டியிருக்கும் புதுமடத்தையே எடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவை இந்தப் பக்கத்து மீனவர் தென்கடல் என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று மேற்கே நீளும் இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களுக்குக் கொழும்பு பிழைப்பூர். இலங்கைக் குடிக்கணக்கில் இந்தியச் சோனகர் என்று தனியாக எழுதப்பட்டவர்களில் இராமநாதபுரத்துக்காரர்கள் ஏராளம். கொழும்பில் 1930இல் ‘வீரகேசரி’ நாளிதழைத் தொடங்கிய சுப்பிரமணியன் செட்டியாரும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து ஆவணிப்பட்டியில் பிறந்தவர். புதுமடத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் மண்டபம் முகாம்: இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்க்குச் சோதித்து அனுப்ப இலங்கை அரசே இந்திய மண்ணில் நடத்திய இடம். 1983க்குப் பிறகு அதே முகாமில் அகதிகள் வந்து இறங்கினார்கள்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆட்களை எண்ணிப் பிரித்த காகிதத்தின் மை உலர்வதற்குள், அவர்கள் வந்திறங்க வேண்டிய துறையைக் கடல் கொண்டுபோனது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கு மாறியது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று சென்னை அரசு அறிவித்தது. அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை கிடைத்தது 2017இல். இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்க வரும் கூட்டத்துக்குத்தான் அது முதலில் பயன்பட்டது என்று அங்கே யாராவது சொன்னால் கோபிக்க முடியாது.

1978இல் இதே கதை இன்னும் துலக்கமாக நடந்தது. நவம்பர் 23 அன்று மட்டக்களப்பை ஒரு சூறாவளி நொறுக்கியது. கிழக்கிலங்கையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தென்னந்தோப்புகள் தலையில்லாமல் நின்றன. மட்டக்களப்பில் அந்தத் தலைமுறைக்காரர்கள் பலர் காலத்தைக் கணக்கிடுவதே சூறாவளிக்கு முன், பின் என்றுதான். அதே புயல் மறுநாள் மன்னார் வளைகுடாவைத் தாண்டிக் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. ரயிலும் இல்லை, நடிகரும் இல்லை.

தொலைவில் இருப்பவன் துன்பத்துக்கு எப்போது பணம் கிளம்பும் என்ற கேள்வி இந்தச் சீமைக்குப் பழையது. 1876இல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியபோது இராமநாதபுரம் ஜமீன், சேதுபதி சிறுவர் என்பதால், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கையில் இருந்தது. பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். லண்டன் மேயரின் மேன்ஷன் ஹவுஸ் நிதி திறந்தது அந்த ஆகஸ்டில். அதாவது பட்டினி தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு கழித்து, சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தந்தி அடித்த பிறகு. திறந்ததும் பணம் கொட்டியது. ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. நவம்பரில் மழை விழுந்த செய்தி போனதும் வசூல் நின்றது. மழை விழுந்த மறுநாளே நெல் விளையாது என்பது உழுதவனுக்குத் தெரியும், தந்திக்குத் தெரியாது. தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேர் அளவுக்குப் பலிகொண்ட பஞ்சம் அது. நிதியின் செயலாளராகச் சென்னையில் இருந்து உழைத்த வில்லியம் டிக்பி, அதற்கு முன் இலங்கையில் பத்திரிகையாளராக இருந்தவர். எழுதத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தது லண்டன் பைகளைத் திறக்க எவ்வளவு உதவியது என்பதை அவரே 1878இல் வெளியிட்ட இரு பெரும் தொகுதிகளைப் புரட்டினால் ஊகிக்கலாம்.

தந்தியும் நிதியும் எட்டாதவர்கள் நடந்தார்கள். தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்குப் போய்க் காப்பித் தோட்டங்களில் சேர்ந்தார்கள். வழியில் காலராவில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

வறட்சிக்கு ஏன் கண்ணீர் குறைவு என்பதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தாமஸ் ஐசன்சே, டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் என்ற இருவர் 1968 முதல் 2002 வரையிலான சுமார் 5,000 பேரிடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியோடு ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பற்றாக்குறையில் கிடைக்க ஏறக்குறைய 40,000 பேர் இறந்தாக வேண்டும். ஒலிம்பிக் நடக்கும் நாளில் இடர் வந்தால் மூன்று மடங்கு சாவு தேவை. தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களைத் தண்டனை மாற்றலுக்கு அனுப்பும் இடமாகப் பேர் வாங்கிய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது புதுச் செய்தியல்ல. கண்மாய் வறண்டு கிடப்பதைப் படம் பிடித்தால் நேற்றும் இன்றும் ஒரே படம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி இதற்கு நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் மறுநாள், கையில் கேமராவோடு ஐரோப்பியச் சுற்றுலாக்காரர்கள். ஸ்வீடன் என்ற தொலைதூர நாடே 543 பேரை இழந்தது. பிரிட்டிஷ் மக்கள் தங்கள் பேரிடர்க் குழுவின் வேண்டுகோளுக்கு 39.2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அடுத்த அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தில் எழுபதாயிரத்துக்கு மேல் செத்தபோது அதே மக்கள் கொடுத்தது 5.9 கோடி. 2008இல் நர்கீஸ் புயல் மியான்மரில் 1,38,000 பேரைக் கொன்றபோது இரண்டு கோடிக்கும் கீழே. சுனாமி நிவாரணத்தை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டுக்குழுவின் கணக்கில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் சேர்ந்தது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் சிக்கியவருக்கு 3 டாலர்.

அந்தக் காலையில் இலங்கைத் தீவு அலையைத் தன்மேல் வாங்கிக்கொண்டதால் தென்கடல் கரை பிழைத்தது. நாகப்பட்டினத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் சாவு பத்துக்குள் அடங்கியது. புதுமடம் கரையைக் காத்த அந்தத் தீவிலோ 35,000 பேர் போனார்கள். வந்த பணத்திலும் பாகுபாடு: சாலையும் விமான நிலையமும் அருகிருந்த தெற்கு முந்திக்கொண்டது, கிழக்கும் வடக்கும் காத்திருந்தன. ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் 2005 ஜனவரியில் வந்தபோது விடுதலைப் புலிகள் பகுதிக்குப் போக இலங்கை அரசு விடவில்லை. உதவியைப் பகிர்ந்துகொள்ள அரசும் புலிகளும் ஜூன் 24 அன்று ஒப்பமிட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளை மூன்றே வாரத்தில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. முல்லைத்தீவுக்காரனுக்கு அலை அடித்தது ஒருமுறை, காகிதம் அடித்தது பலமுறை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தமிழக அரசு முதலில் கேட்ட அனுமதி, வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்களுக்கு உதவி அனுப்பத்தான். பிரித்துக் கொடுக்க வேண்டாம், எல்லாருக்கும் கொடுங்கள் என்று அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே சொன்னார்கள். ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் என்று 123 கோடி ரூபாய்ப் பொருள்கள் இலங்கை மக்கள் என்ற பொதுப்பெயரில் போயின.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறு பேருக்கு மேல் கொன்றது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. தோட்ட லயங்களில் இருந்தவர்களில் பலர் 1877 போன்ற பஞ்ச காலங்களில் தோணி ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள். இடிந்த வீட்டுக்கோ அது நின்ற மண்ணுக்கோ உரிமைப் பத்திரம் இல்லாதவர்கள். சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. அதே நாள்களில் சென்யார் புயலின் வெள்ளம் சுமத்ராவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை அடித்துச் சென்றது. பாதிக்கப்பட்ட மாகாணங்களில் ஒன்று, 2004இல் உலகமே கைகொடுத்த அச்சே. அங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கடையும் குறைவு, சம்பந்தமும் குறைவு. தமிழ்த் தொலைக்காட்சிகளில் அந்த வெள்ளத்துக்குக் கிடைத்த நேரமும் அதற்குத் தக்கபடியே இருந்தது.