ரீலின்

ரீலின் என்பது பாலூட்டிகளின் கருவில் மூளை வளரும்போது நரம்பணுக்கள் தத்தமக்குரிய இடத்தைச் சென்றடைய உதவும் குறிகைப் புரதம் ஆகும். உயிரணுவிற்கு வெளியே சுரக்கப்படும் இது ஏறத்தாழ 3460 அமினோ அமிலங்களைக் கொண்ட மிகப் பெரிய மூலக்கூறு. மனிதரில் இதற்குரிய மரபணு 7ஆம் நிறப்புரியில் உள்ளது.

கண்டுபிடிப்பு

ரீலின் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அது இல்லாத சுண்டெலிகள் அறியப்பட்டிருந்தன. 1951இல் எடின்பரோவில் பணியாற்றிய மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர், தள்ளாடி நடக்கும் சுண்டெலிகளை விவரித்தார். அந்நடையைக் குறித்தே அவை 'ரீலர்' எனப் பெயர்பெற்றன. அவற்றின் சிறுமூளை சுருங்கியும், பெருமூளைப் புறணியின் அடுக்குகள் குலைந்தும் காணப்பட்டன. காரணமான மரபணுவை 1995இல் டாம் கரன் குழுவினர் இனங்கண்டனர். அதே ஆண்டு சப்பானிய ஆய்வாளர்கள் வேறொரு வழியில் இப்புரதத்தை அணுகினர். இயல்பான சுண்டெலிக் கருவின் மூளைப் பொருளை ரீலர் சுண்டெலிக்குச் செலுத்தினர். தன் உடலில் இல்லாத ரீலினை அச்சுண்டெலி அயற்பொருளாகக் கருதி, அதற்கெதிரான பிறபொருளெதிரியை உருவாக்கியது. எளிமையான, ஆனால் நுட்பமான உத்தி இது.

புறணி அடுக்குகள்

பெருமூளைப் புறணியில் ஆறு அடுக்குகள் உள்ளன. இங்குள்ள கிளர்த்தும் நரம்பணுக்கள் மூளை அறைகளை ஒட்டிய பகுதியில் பிறந்து, ஆர நரம்புப்பசை உயிரணுக்களின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் நோக்கி நகர்கின்றன. முதலில் பிறந்தவை ஆழத்தில் தங்குகின்றன. பின்னர்ப் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலே சென்று அமர்கின்றன. அதாவது, கட்டடம் போன்று கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டாலும், ஒவ்வொரு புதிய வரவும் ஏற்கனவே அமர்ந்திருப்பவற்றின் ஊடாகவே செல்லவேண்டும். புறணியின் வெளிவிளிம்பில் உள்ள கஹால்-ரெட்சியசு உயிரணுக்களே இக்காலத்தில் ரீலினைச் சுரக்கின்றன. ரீலர் சுண்டெலியில் பின்னர்ப் பிறந்தவை முன்னவற்றைக் கடக்க இயலாமல் கீழேயே தேங்குவதால், அடுக்குகளின் வரிசை ஏறத்தாழத் தலைகீழாகிறது.

குறிகைப் பாதை

நகரும் நரம்பணுவின் மேற்பரப்பில் ரீலினுக்கு இரண்டு ஏற்பிகள் உள்ளன. இரண்டும் கொழுப்புப் புரதங்களை ஏற்கும் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது எதிர்பாராத செய்தியாக இருந்தது. இரண்டையும் ஒருசேர நீக்கிய சுண்டெலிகள் ரீலர் சுண்டெலிகளை ஒத்திருந்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ரீலின் பிணைந்ததும் உயிரணுவின் உட்புறத்தில் டேப்1 எனும் புரதத்தின்மீது ஃபின், எசுஆர்சி ஆகிய நொதிகள் பாசுபேட்டை ஏற்றுகின்றன. இம்மாற்றம் ராப்1 புரதத்தின் வழியே உயிரணுவின் ஒட்டும் தன்மையைக் கட்டுப்படுத்துகிறது. செயற்பட்ட டேப்1 விரைவில் அழிக்கப்படுகிறது. ஆகவே, ரீலின் இல்லாத மூளையில் டேப்1 குறைவதில்லை, மாறாகக் குவிகிறது.

ரீலின் 'நில்' என்று கூறும் குறிகையா, 'வா' என்று அழைக்கும் குறிகையா என்பது நீண்டகால விவாதம். 2002இல் ரீலர் சுண்டெலிகளில், வழக்கத்திற்கு மாறாக மூளை அறைப் பகுதியில் ரீலினைச் சுரக்கச் செய்தபோது, குறைபாடுகள் ஓரளவு சீராயின, தள்ளாட்டமும் நீங்கியது. எனவே, சுரக்கும் இடம் மட்டுமே வழிகாட்டுகிறது எனும் எளிய விளக்கம் போதாது.

மனிதரில்

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைகளின் மூளை மடிப்புகள் குறைந்து வழவழப்பாகவும், சிறுமூளை மிகச் சிறுத்தும் இருக்கும். வலிப்பு, கடும் வளர்ச்சிக் குறைபாடு ஆகியன காணப்படும். இது 2000இல் விவரிக்கப்பட்டது.

முதிர்ந்த மூளையில் தடுப்பு நரம்பணுக்கள் சில ரீலினைத் தொடர்ந்து சுரந்து, நரம்பிணைப்புகளின் வலிமையை மாற்ற உதவுகின்றன. இளவயது ஆல்சைமர் நோயை உறுதியாக ஏற்படுத்தும் மரபணு மாற்றத்தைச் சுமந்த கொலம்பிய நாட்டு ஆண் ஒருவர், 67 வயது வரை அறிவுத்திறன் குன்றாமல் இருந்தார் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அவரிடம் ரீலினின் செயலை மிகுவிக்கும் அரிய மரபணு வேறுபாடு ஒன்று காணப்பட்டது.