பள்ளி வரியும் நம் பங்கும் – ஒரு வரலாற்று நோக்கு

சேர்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடம் நடைபெற வேண்டுமாயின், அதற்குரிய செலவை ஏற்க வேண்டியவர் யாவர்? அரசா, ஊராட்சியா, தோட்ட உரிமையாளரா, அன்றிப் பிள்ளையைப் பெற்றவரேயா? நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் கொண்டாடும் இந்நன்னாளில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமே என எண்ணுகிறோம். ஏனெனில், கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர். கல்விக்குரிய பணத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பணத்தைப் பற்றிப் பேசாத இடத்தில் நம் பிள்ளைகளின் பங்கு சத்தமின்றி மறைந்து போவதை வரலாறு காட்டுகிறது.

வீட்டு வரியை உயர்த்த வேண்டும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் நம் மக்களிடையே இருவகைக் கருத்துகள் தோன்றுகின்றன. "அன்றாடக் கூலி பெறும் நம்மீது மேலும் சுமையா? வசதி படைத்தோர் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குச் செல்ல, அரசுப் பள்ளிக்கு நாம் ஏன் வரி தர வேண்டும்?" என்பர் ஒரு சாரார். "வரி தராதவன் கணக்குக் கேட்க இயலாது, பள்ளி வேண்டுமெனில் பங்கும் தர வேண்டும்" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம்மவரே. இரண்டிலும் நியாயம் உண்டு. தீர்ப்புக் கூறுமுன் இவ்வழக்கின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

வீட்டு வரியும் முதல் எதிர்ப்பும்

சென்னை மாகாணத்தில் பள்ளிக்கென வரி தண்டும் முறை 1863-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தோடு தொடங்கிற்று. ஓர் ஊரார் விரும்பினால் தமக்குள் வரி விதித்துக் கொண்டு பள்ளி நடத்தலாம் என்பது அச்சட்டத்தின் கருத்து. கோதாவரி மாவட்டத்தில் உழவர்கள் வரி தந்து பள்ளிகள் கண்ட முயற்சியே அதற்கு முன்மாதிரி. ஆயினும் அம்முறை மாகாணம் முழுவதும் வேரூன்றவில்லை. பின்னர் 1871-ஆம் ஆண்டில் உள்ளாட்சி நிதிச் சட்டம் வந்தது. நிலத்தின்மீது தீர்வையோடு ஒரு மேல்வரியும், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக வீடுகளின்மீது ஒரு வரியும் விதிக்க அச்சட்டம் வழி செய்தது. வீட்டு வரியை மக்கள் வெறுத்தனர், அரசும் பின்வாங்கிற்று. சில ஆண்டுகளிலேயே அவ்வரி கைவிடப்பட்டது. நில மேல்வரி மட்டும் நிலைத்தது. அதன் பெரும்பகுதி சாலைகளுக்கே சென்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலத்தின் மேல்வரியைச் செலுத்தியவர் பட்டாதாரர். அந்நிலத்தில் விளைவித்துக் கொடுத்தவரோ நம் முன்னோர். அவர்தம் உழைப்பிலிருந்து எழுந்த பணம் சாலையாயிற்று. அச்சாலையில் அவர் நடக்கத் தடை இருந்தது. அப்பணம் பள்ளியாயிற்று, அப்பள்ளியின் திண்ணையிலும் அவர் பிள்ளைக்கு இடமில்லை. பஞ்சமர் கல்விக்கெனச் சென்னை அரசு 1893-இல் தனி ஆணை பிறப்பிக்க நேர்ந்ததே இதற்குச் சான்றாகும். பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொதுக் கட்டடங்களும் எல்லார்க்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பொதுப் பணத்தால் ஆனவை பொதுமக்கள் அனைவர்க்கும் உரியவை என்பதே அத்தீர்மானத்தின் உயிர்க் கருத்தாகும்.

வரி பற்றிய முடிவு எடுத்தவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். விடுதலைக்கு முன் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை, சொத்தையும் வரியையும் ஒட்டியே அமைந்திருந்தது. சொத்தும் வரியும் இல்லாதவர்க்குப் பெரும்பாலும் வாக்கில்லை. வாக்கில்லாதவர்க்குப் பள்ளிச் செலவைப் பற்றிக் கூறும் உரிமையும் இல்லை. பள்ளி தேவைப்பட்டவர் ஒரு புறமும், பள்ளி வேண்டாம் எனக் கை தூக்கும் உரிமையுடையவர் மறுபுறமும் இருந்தனர்.

தோற்ற மசோதா

அனைத்திந்திய அளவிலும் இதே கதைதான். கோபாலகிருஷ்ண கோகலே 1911 மார்ச்சில் தொடக்கக் கல்வி மசோதாவை இம்பீரியல் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் கட்டாயக் கல்வியைப் புகுத்தலாம். அதற்கெனக் கல்வி வரி விதிக்கலாம். செலவில் மூன்றில் இரு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதே திட்டம். 1912 மார்ச் 19-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை, புது வரியைப் பொறுக்க மாட்டார்கள் என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. எந்த மக்களின் பெயரால் அது மறுக்கப்பட்டதோ, அம்மக்களின் பிள்ளைகளுக்கே அம்மறுப்பால் இழப்பு நேர்ந்தது.

பின்னர் 1920-ஆம் ஆண்டில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. அரசின் இசைவோடு உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்கவும், அவ்வாறு திரட்டிய தொகைக்கு ஈடாக அரசு தன் பங்கைத் தரவும் அச்சட்டம் இடமளித்தது. ஓர் ஊர் ஒரு ரூபாய் திரட்டினால் மற்றொரு ரூபாய் வந்து சேரும். வரியை மறுத்த ஊர் இரண்டு ரூபாயை இழந்தது எனலாம்.

நம் தலைவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் தொகுதிகளின் எண்ணிக்கையையே நினைவிற் கொள்வர். அதன் இறுதிப் பகுதி கூறுவது வேறொன்று: ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனப் போதிய பங்கைத் தனியே ஒதுக்குதல் வேண்டும் என்பதாகும். அண்ணல் அம்பேத்கரும், இரட்டைமலை சீனிவாசனும், எம். சி. ராஜாவும் ஒப்பமிட்ட அவ்வாவணத்தில் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிய விதியும் இடம்பெற்றமை தற்செயலன்று. தமிழகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதியை உரியவாறு செலவிடுவதற்கெனத் தனிச் சட்டம் 2024-இல் நிறைவேறிற்று. ஒப்பந்தத்திலிருந்து சட்டம்வரை 92 ஆண்டுகள்!

மலையின் கணக்கு

இனி நம் மலைக்கு வருவோம். சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகின. மலையாளிப் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்த இம்மலைக்குச் சமவெளியிலிருந்து கூலிகளாய் ஏறி வந்தவருள் நம்மவர் பலர். அவர்க்குக் கிடைத்த குடியிருப்பு லயன் வீடு. அது தோட்டத்தின் சொத்து. குடியிருப்பவர் பெயரில் வீட்டு வரி ரசீது இல்லை. ஆகவே ஊராட்சி ஏட்டைப் புரட்டுவோர்க்கு அவர் வரி செலுத்தாதவராய்த் தோன்றுவார். ஆனால் தோட்டம் செலுத்தும் வரி எங்கிருந்து வருகிறது? காப்பிக் கொட்டையைப் பறித்த விரல்களிலிருந்தன்றோ! அவர் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் அரசின் வரி கலந்தே இருக்கிறது. நம்மவர் வரி கொடாதவர் என்னும் பழி, ஏட்டைப் பார்த்துச் சொல்லும் பழியேயன்றி உண்மையன்று.

தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குச் சட்டமும் ஒரு வழி வகுத்தது. 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேற்பட்டால், உரிமையாளர் கல்வி வசதி செய்து தர வேண்டும் என விதி வகுக்க 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. முதலாளியைப் பொறுப்பாக்கிய இவ்வழியில் ஓர் இடர்ப்பாடு உண்டு: சிறு தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் எத்தோட்டத்தின் கணக்கிலும் 25-ஐ எட்டுவதில்லை. அவர்க்குத் துணை, பொதுப் பணத்தால் நடக்கும் பள்ளியே. 1917-இல் தோன்றிய மாண்ட்போர்ட் பள்ளி போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களால் ஏற்காடு நாடறிந்த கல்வி நகராயிற்று. அப்புகழுக்கு அருகிலேயே, மலைச் சிற்றூர்களிலும் லயன்களிலும், அரசுப் பள்ளியையே நம்பி வாழும் குழந்தைகளும் உளர்.

நன்கொடையும் வரியும்

பணமின்மையைக் காரணமாகக் கொண்டு நாட்டுப்புறப் பள்ளி நேரத்தைச் சுருக்க 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி முயன்றதை மூத்தோர் அறிவர். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. பள்ளியில் மூன்று மணி நேரம், எஞ்சிய நேரத்தில் குடும்பத் தொழில் என்பது ஏற்பாடு. குலக்கல்வித் திட்டம் என மக்கள் அதை எதிர்த்தனர். காமராசர் 1954-இல் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பள்ளிக்குப் பணம் சுருங்கும்போது எவர் பிள்ளையின் பள்ளி நேரம் சுருங்கும் என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாய்க் காட்டிற்று.

காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்தது. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராய் இருந்த காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. மக்கள் நிலமும் நாற்காலியும் கரும்பலகையும் மனமுவந்து வழங்கினர். வரிக்கு முகம் சுளித்த ஊர்கள் நன்கொடைக்குக் கை நீட்டியமை வியப்பன்று. கொடுத்த பொருள் கண்ணெதிரே பள்ளியில் நின்றது. வரிப் பணமோ எங்குச் செல்கிறது என எவரும் சொல்வதில்லை.

ஆயினும் நன்கொடைக்கும் வரிக்கும் இடையே நாம் மறக்கலாகாத வேறுபாடு ஒன்றுண்டு. நன்கொடை, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. அவர் பெயர் கல்லில் ஏறும். பெறுபவர் நன்றி கூற வேண்டும். வரியால் நடக்கும் பள்ளியில் எவர்க்கும் எவரும் நன்றி கூற வேண்டுவதில்லை; அங்கு நுழைவது பிள்ளையின் உரிமை. நெடுங்காலம் பிறர் தயவை எதிர்நோக்கி நின்ற நம் சமூகத்திற்கு இவ்வேறுபாடு உயிர் போன்றது.

இன்று நாம் செய்ய வேண்டுவன

ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியராயினர். ஊதியச் சுமை உள்ளாட்சியை விட்டு நீங்கிற்று. அதனால் பள்ளிக்கும் ஊர் வரிக்கும் தொடர்பே இல்லை என எண்ணுதல் பிழை. நகர்ப்புறச் சொத்து வரியில் கல்வி வரி ஒரு கூறாக உள்ளது. நூலக வரியும் சொத்து வரியோடு சேர்த்தே தண்டப்படுகிறது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தபோது, சென்னையின் பழைய பகுதி நீங்கலாகப் பிற ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றிற்கு 100 விழுக்காடும் என உயர்வு வகுக்கப்பட்டது. சிறு வீட்டிற்குச் சிறிதாகவும் பெரு வீட்டிற்குப் பெரிதாகவும் விதிக்கும் இம்முறை நம் முதற் சாராரின் அச்சத்திற்கு ஓரளவு விடையாகும், முழு விடையன்று. சிறு உயர்வும் கூலிக் குடும்பத்திற்குப் பெரிதே.

ஆகவே எம் கருத்து இதுவாகும். எல்லா வரியையும் எதிர்ப்பது நம் பிள்ளைகளின் பள்ளியை நாமே எதிர்ப்பதாய் முடியும். எல்லா வரியையும் வாய்திறவாது ஏற்பதோ, நம் முன்னோர் பணத்தால் எழுந்த சாலையில் நம் முன்னோரே நடக்க இயலாத பழைய நிலைக்கு ஒப்பாகும். வரி, வலியோர்மீது மிகுதியாகவும் எளியோர்மீது குறைவாகவும் அமைய வேண்டும். திரட்டிய பணம் எப்பள்ளியின் கூரையாயிற்று, எக்கழிப்பறையாயிற்று என்னும் கணக்கு ஊரறிய வாசிக்கப்பட வேண்டும்.

இளைஞர்களே! கணக்குக் கேட்கும் இடங்கள் உங்களுக்கு உள்ளன. ஆண்டில் ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோர்க்கு அவர்தம் அளவிற்கேற்ற இடமும் உண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவே. கூலி போகுமே என அக்கூட்டத்திற்குச் செல்லாதிருந்தால், நம் பங்கைப் பிறர் தீர்மானிப்பர். லயனில் ஒருவர் கூட்டத்திற்குச் சென்றால், அவருடைய அன்றைய கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுங்கள். அதுவும் ஒரு வரியே. நாமே நமக்கு விதித்துக் கொள்ளும் வரி.

வாக்கில்லாத காலத்தில் நம் முன்னோர் மனுக்கள் எழுதினர். கல்விப் பணத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தத்தில் வரி சேர்த்தனர். வாக்கும் எழுத்தும் பெற்ற நாம் வரவுசெலவு ஏட்டைப் படிக்கக் கற்போமாக. அடுத்த கிராம சபையில் பள்ளிக்குரிய பக்கம் திறக்கும்போது நம்மவர் ஒருவரேனும் எழுந்து நின்று வினவுவாராக.