நாலு நம்பரும் கணினி எண்ணும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லிங்கி போன்ற தோட்டப்புறங்களுக்கு ‘நாலு நம்பர்’ லாட்டரி பழகிப்போன பேச்சு. கனவில் வந்த பாம்புக்கும் நம்பர் உண்டு. விபத்தில் நொறுங்கிய காரின் பலகையிலும் நம்பர் உண்டு. 1969இல் மேக்னம் நிறுவனம் உரிமம் பெற்றதும் அந்த ஆசைக்குத் தனியார் கடையும் கிடைத்தது.

0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். முடிவைச் சொல்வது எந்திரத்துக்குள் முட்டிமோதும் பந்துகள். பழைய முடிவுகளை நோட்டில் எழுதி எவ்வளவு ஆராய்ந்தாலும் அடுத்த குலுக்கல் பிடிபடாது. மெய்யான தற்செயல் இதுதான்.

தற்செயல் எண் வேண்டுமென்றால் கணினி நிரலுக்குக் கணக்குத்தான் கதி. 1940களில் ஜான் வான் நியூமன் ஒரு வழி சொன்னார்: நான்கு இலக்க எண்ணை வர்க்கமாக்கி, நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை எடுப்பது. 1234இன் வர்க்கம் 01522756. அடுத்த எண் 5227, அதற்கடுத்து 3215. பார்வைக்குத் தற்செயல். ஆனால் தொடக்க எண் தெரிந்தவர் மொத்த வரிசையையும் ஒப்பித்துவிடுவார். 2500 வந்துவிட்டாலோ வரிசை அங்கேயே நின்றுவிடும்.

பிரிட்டனில் பரிசுக் குலுக்கலுக்கான எர்னி எந்திரம் இந்தக் கணக்கு வழியைத் தவிர்த்து, 1957 முதல் நியான் குழாய்களின் மின்னிரைச்சலிலிருந்து பரிசு எண்களை எடுத்தது.

அமெரிக்காவில் லாட்டரிச் சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி எடி டிப்டன், எண் உருவாக்கும் நிரலையே திருத்தினார். குறிப்பிட்ட சில நாட்களில் விழக்கூடிய எண்கள் அவருக்கு முன்பே தெரிந்திருந்தன. 2017இல் அவருக்கு 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.