டோபி காட் அருகே எழுந்த மருத்துவமனை

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, பிராஸ் பாசா சாலை வழியே கடல் இருக்கும் திசையில் நடந்தால் சில நிமிடங்களில் பென்கூலன் ஸ்திரீட் சந்திப்பை அடைவோம். அச்சந்திப்பின் அருகே 1841ஆம் ஆண்டில் முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு கட்டடம் எழுந்தது. சிங்கப்பூரின் முதல் மனநோய் மருத்துவமனை அதுவே. அதனை எழுப்பத் தூண்டியது மருத்துவ அறிவன்று, ஒரு கொலை.

அக்காலத்து டோபி காட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இன்று மூடிய கால்வாயாய் நிலத்தடியில் ஓடும் நீர் அன்று திறந்த ஓடையாக ஓடிற்று. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அதில் துணி வெளுத்து, அயலிலுள்ள வெளியில் உலர்த்தினர். தமிழர் அவ்விடத்தை வண்ணான் தெரு என்று வழங்கினர். தொழிலைக்கொண்டு இடத்துக்குப் பெயரிடும் நம் ஊர் வழக்கம் கடல் கடந்தும் மாறவில்லை. ஓடைக்குச் சற்றுத் தள்ளி நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் வாழ்ந்தனர். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து வந்த முதல் தொகுதியில் இருந்தோர் மதராஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட 80 பேர். சாலைகளையும் பாலங்களையும், பின்னாளில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டிய கைகள் இத்தகைய கைதிகளுடையவை.

மனநோயுற்றோருக்கெனத் தனி இடம் அன்று இல்லை. தெருவில் அலைந்தோரும் குற்றம் புரிந்தோரும் ஒருசேரச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1840இல் அவ்வாறு அடைபட்டிருந்த மனநோயாளி ஒருவர் உடனிருந்த ஒருவரைக் கொன்றுவிட்டார். அதன் பின்னரே, ஆளுநர் பொன்ஹாமின் காலத்தில், தனி மருத்துவமனை அமைந்தது. சிறைக்கு அமைதி வேண்டும் என்பதே அரசின் முதற்கவலை. நோயாளிக்கு நீதி வேண்டும் என்பது அன்று எழுந்த கேள்வியாகத் தெரியவில்லை. ‘இவரை எங்கே வைப்பது?’ என்பதற்குச் செங்கல்லால் விடை கிடைத்தது. ‘இவர் குற்றவாளியா?’ என்பதற்கு விடை வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

1843 ஜனவரியில் இலண்டன் வீதியொன்றில் டேனியல் மக்நாட்டன் என்னும் ஸ்காட்லாந்து மரக்கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துரத்தி வேட்டையாடுவதாக அவர் நம்பினார். மனநோயைக் காரணம் காட்டி நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. நாடே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே மக்நாட்டன் விதிகள் எனப் பெயர்பெற்றன. செயலின் தன்மையை அறிந்தாரா, அறிந்திருந்தால் அது தவறு என்பதை அறிந்தாரா என்பனவே அவ்விதிகள் கேட்கும் கேள்விகள்.

மெக்காலேயின் ஆணையம் 1837இலேயே வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் இதே அறிவு பற்றிய கேள்வியையே கேட்டது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தபோதிலும், 1871இல் இயற்றிய தம் தண்டனைச் சட்டத்தை இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியே அமைத்துக்கொண்டன. அது 1872இல் நடப்புக்கு வந்தது. பிரிவின் எண்கூட மாறவில்லை. சென்னையிலும் கொல்கத்தாவிலும் படிக்கப்பட்ட அதே 84ஆம் பிரிவு இங்கும் படிக்கப்பட்டது.

தமிழ் படிப்போர் இங்கே ஒரு சொல்லின்முன் நின்று பார்க்க வேண்டும். அப்பிரிவு கூறும் மனநிலைக் குறையைத் தமிழ்ச் சட்ட வழக்கு ‘சித்தசுவாதீனம் இன்மை’ என்று குறித்தது. நாட்டுப்புறத்தாரும் ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’ என்பர். சுவாதீனம் என்பது தன்வசம் இருத்தல். ஆகவே, இச்சொல் ஒருவர் எதை அறிந்தார் என்று கேட்பதில்லை. அவர் மனம் அவர் வசம் இருந்ததா என்று கேட்கிறது. சட்டமோ அறிவை மட்டுமே அளந்தது. ‘தவறென்று தெரியும், ஆனால் கையை நிறுத்த இயலவில்லை’ என்று நிற்பவருக்கு 84ஆம் பிரிவில் இடமில்லை. 1961இல் சிங்கப்பூர் குறைந்த பொறுப்பு என்னும் விதிவிலக்கைச் சேர்த்தது. எனினும் அது கொலைக் குற்றத்துக்கு மட்டுமே பொருந்தும், குற்றத்தின் தரத்தைக் குறைக்குமேயன்றி விடுவிக்காது. தம் செயல்களைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முற்றிலும் இழந்தவரும் 84ஆம் பிரிவின் காப்பைப் பெறலாம் என்னும் திருத்தம் 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடப்புக்கு வந்தது. நம் சொல் நெடுங்காலமாகச் சுமந்துவந்த பொருளைச் சட்டம் அன்று எட்டியது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. மொழிபெயர்த்தவர்கள் இதனைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சொல் தன் பொருளோடு வந்தது, அவ்வளவே.

குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு அவர் வீடு திரும்பிவிடுவார் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே. மெய்ப்பித்த பின்னரும் மனநல மருத்துவமனையிலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ கால வரையறையின்றிக் காவலில் வைக்கப்படலாம்.

பென்கூலன் ஸ்திரீட் மருத்துவமனை பின்னர் கண்டாங் கெர்பாவ் பக்கமும், 1887இல் சிப்பாய் லைன்ஸுக்கும், 1928இல் இயோ சூ காங் சாலைக்கும் சென்றது. 1951இல் உட்பிரிட்ஜ் என்னும் பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக்கில் மனநலக் கழகமாக நிலைகொண்டது. நகரின் நடுவிலிருந்து அது விலகிக்கொண்டே போனதையும் நாம் கவனிக்கலாம்.

நீதிமன்றத்தில் இன்றும் எழக்கூடிய சிக்கல் ஒன்றுண்டு. ‘அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை’ என்று தமிழர் ஒருவர் கூறுகிறார். துயரத்தில் இருப்பவரும் அதையே சொல்வார். காதில் இல்லாத குரல் கேட்பவரும் அதையே சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதனை வருத்தம் என்று ஆங்கிலத்தில் தந்துவிட்டால், 84ஆம் பிரிவைப் பற்றி எவருக்கும் எண்ணமே எழாமல் போகலாம். சரியான மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றுவதற்கு முன், நீதிபதியின் அனுமதியோடு, என்ன பொருளில் சொன்னார் என்று அவரையே திரும்பக் கேட்பார்.